காயலான் கடைக்குப் போகாமல் தப்பிய 'ஆக்டோபஸ்'கள்! பிரிட்டனின் பழைய லாரிகளை ஏன் காப்பாற்றுகிறார்கள்?

பழைய அம்பாசடரோ, புல்லட்டோ ரோட்டில் போனால் உடனே போனை எடுத்து ஒரு வீடியோ தட்டிவிடுவீர்கள். அதே ரோட்டில் பழைய லாரி ஒன்று முன்னால் போனால்? 'எப்போ வழி விடுவான்' என்று ஹாரன் அடிப்போம். அவ்வளவுதான் நமக்கும் லாரிக்கும் உள்ள உறவு, இல்லையா?

பிரிட்டனில் ஒரு கூட்டம் இதற்கு நேர் எதிர். வார இறுதி வந்தால் போதும், கையில் ஸ்பானரும் கிரீஸுமாக ஏதாவது ஒரு ஷெட்டுக்குள் போய்விடுவார்கள். 60, 70 வருஷத்துக்கு முந்தைய லாரி ஒன்று அங்கே நிற்கும். அதை மறுபடி ஓடவைக்க சிலருக்கு 10 வருஷம்கூட ஆகிறது. இத்தனைக்கும் ஓடத் தொடங்கிய பிறகு அதில் லோடு ஏற்றிச் சம்பாதிக்கப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு?

முதலில் ஒரு சின்ன விஷயம். அமெரிக்கர்கள் 'டிரக்' என்பதை நாம் 'லாரி' என்கிறோம். அது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற வார்த்தை. அவர்கள் விட்டுச்சென்றது வார்த்தை மட்டுமல்ல. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு மிருகக்காட்சி சாலையே ஓடியது!

இங்கிலாந்தின் லங்காஷயரில் லேலண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1896-ல் அங்கே நீராவி வண்டி செய்யும் கம்பெனி ஒன்று தொடங்கியது. 1907-ல் அது ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டு 'லேலண்ட் மோட்டார்ஸ்' ஆனது. 1930-களில் அதன் லாரிகள் மிருகங்களின் பெயரோடு ஓடின. நான்கு சக்கர லாரி 'பீவர்'. ஆறு சக்கர லாரி 'ஹிப்போ'. எட்டு சக்கரம் என்றால்? எட்டுக் கால் உள்ள 'ஆக்டோபஸ்'! முன்பக்கம் இரண்டு ஆக்ஸில், ஸ்டீரிங்கைத் திருப்பினால் நான்கு முன்சக்கரங்களும் சேர்ந்து திரும்பும்.

லேலண்டோடு கதை முடியவில்லை. சவுதாலில் ஏ.இ.சி, வாட்ஃபோர்டில் ஸ்கேமல், லூட்டனில் பெட்ஃபோர்டு, கிளாஸ்கோவில் ஆல்பியன் என்று ஊருக்கு ஒரு லாரி. சாண்ட்பாக் என்ற சின்ன ஊரில் இரண்டு! அங்கே ஃபோடன் குடும்பம் நீராவி லாரிகளுக்குப் பேர்போனது. டீசல்தான் எதிர்காலம் என்று நம்பிய எட்வின் ரிச்சர்ட் ஃபோடன், குடும்பக் கம்பெனியை விட்டு வெளியே வந்து 1933-ல் சொந்தமாக லாரி கட்டினார். தன் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்தார்: இ.ஆர்.எஃப். முதல் லாரியின் சேஸிஸ் நம்பர் 63. ஏன் 1 இல்லை என்று கேட்கிறீர்களா? அப்போது அவருக்கு வயது 63!

அந்தக் காலத்து இன்ஜின்களில் டிரைவர்கள் பெரிதும் மதித்தது மான்செஸ்டர் பக்கம் தயாரான 'கார்ட்னர்'. டீசலை சிக்கனமாகக் குடிக்கும், லேசில் உடையாது. அதன் பிரபலமான ஆறு சிலிண்டர் இன்ஜின் 8.4 லிட்டர், பவர் வெறும் 102 குதிரைத்திறன். இன்றைக்குப் பல சாதாரண கார்களே அதைத் தொட்டுவிடும். அதை வைத்துத்தான் லோடோடு சேர்த்து 22 டன் எட்டு சக்கர லாரி மலை ஏறியது.

டிரைவர்கள் மறக்காதது எது?

லாரிப் பிரியர்கள் கூடும் இடத்தில் காது கொடுத்துக் கேட்டால், குதிரைத்திறன் பேச்சு குறைவாகத்தான் இருக்கும். சத்தம், குளிர், வாசனை இதெல்லாம்தான் அதிகம்.

பல லாரிகளில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது பக்கம் துருத்திக்கொண்டு இருக்கும். ஹீட்டர் கிடையாது. கதவு இடுக்கில் பனிக்காற்று வரும். ஒரு கால் வேகும், இன்னொரு கால் விறைக்கும். பழைய ராணுவக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். பவர் ஸ்டீரிங் இல்லை. இடுக்கான திருப்பத்தில் ஸ்டீரிங் மேல் உடம்பையே சாய்த்து இழுக்க வேண்டும்.

கனரக லாரிகளுக்குச் சட்டப்படி அதிகபட்ச வேகம் 1957 வரை மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. பிறகுதான் 30 மைல் ஆனது. லண்டனிலிருந்து கிளாஸ்கோ 400 மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் முடியாத பயணம். கேபினில் படுக்கையும் இல்லை. வழியில் லாரிக்காரர்களுக்கென்றே இருந்த வீடுகளில் காசு கொடுத்துத் தங்கினார்கள். ரோட்டோர டிரான்ஸ்போர்ட் கஃபேக்களில் சாப்பிட்டார்கள். நம்மூர் நெடுஞ்சாலை தாபா மாதிரிதான். எந்த ரோட்டில் பனி, எங்கே லோடு கிடைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும்.

வடக்கே போகும் டிரைவர்களுக்குச் சவாலாக இருந்தது கம்பிரியாவின் ஷாப் மலை. 1,300 அடிக்கு மேல் ஏறும் ஏ-6 ரோடு. பனிக்காலத்தில் லாரிகள் வரிசையாகச் சிக்கி நிற்கும். அக்கம்பக்கத்து மக்கள் டிரைவர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருக்கிறார்கள். 1970-ல் எம்-6 மோட்டார்வே திறந்ததும் அந்த ரோடு வெறிச்சோடியது. இன்றைக்கு அந்த உச்சியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ராஜாவுக்கோ தளபதிக்கோ அல்ல, அந்த ரோட்டில் வண்டி ஓட்டிய டிரைவர்களுக்கும் அவர்களோடு போனவர்களுக்கும், மலைமேல் அவர்களுக்கு உதவியவர்களுக்கும் வைத்த கல்.

எப்படித் தப்பின?

காரை ஆசைப்பட்டு வாங்குவார்கள். லாரியை லாபத்துக்கு வாங்குவார்கள். லாபம் நின்றதும் உடைத்து இரும்பாக எடைக்குப் போட்டுவிடுவார்கள். யாரும் லாரியை அழகுக்காக வைத்திருப்பதில்லை. அதனால்தான் லட்சக்கணக்கில் ஓடியவற்றில் மிச்சம் இருப்பது கொஞ்சம்.

தப்பியவை பெரும்பாலும் இன்னொரு வேலை கிடைத்ததால் தப்பியவை. இரண்டாம் உலகப்போரில் பீரங்கி இழுத்த ஏ.இ.சி மேட்டடார்கள் போர் முடிந்ததும் காட்டில் மரம் இழுக்கப் போயின. சில, ரிப்பேரான வண்டிகளை இழுக்கும் 'ரெக்கவரி' வண்டிகளாக மாறின. ராட்டினம் கொண்டுபோகும் பொருட்காட்சிக்காரர்கள் பல பழைய லாரிகளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். சில, பண்ணையில் வைக்கோலுக்குக் கூரையாகக் கிடந்தன. வெளிநாட்டில் வேறு வாழ்க்கை வாழ்ந்தவையும் உண்டு. பூவும் மயிலும் வரைந்த பாகிஸ்தான் லாரிகளைப் பார்த்திருப்பீர்களே... அவற்றில் பல பெட்ஃபோர்டுகள்தான்.

இப்படித் தப்பியவற்றைத் தேடிப் பிடிக்க 1958-ல் ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். இப்போது அதன் பெயர் ஹிஸ்டாரிக் கமர்ஷியல் வெஹிக்கிள் சொசைட்டி. 1962-ல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய லாரி, பஸ்களின் ஊர்வலத்தை நடத்தினார்கள். அதன்பிறகு அது வருடாந்தரத் திருவிழாவாகவே ஆகிவிட்டது. 1983-ல் லேலண்ட் ஊரில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே பிரிட்டிஷ் கமர்ஷியல் வெஹிக்கிள் மியூசியம் திறக்கப்பட்டது.

மறுபடி ஓடவைப்பது எப்படி?

* ஜாதகம் பார்ப்பது: முதல் வேலை சேஸிஸ் நம்பரைக் கண்டுபிடிப்பது. துருவைச் சுரண்டி எண்ணைப் படித்து, பழைய கம்பெனிப் பதிவேடுகளில் தேடினால் எந்த வருஷம், எந்த இன்ஜின், எந்த முதலாளிக்குப் போனது என்று தெரியவரும்.

* தச்சு வேலை: லாரி என்றால் இரும்பு என்றுதானே நினைப்பீர்கள்? பழைய கேபின்களின் எலும்புக்கூடு மரம். ஆஷ் என்ற மரத்தில் சட்டம் அடித்து, மேலே தகடு போர்த்தியிருப்பார்கள். மழையில் கிடந்த மரம் உளுத்திருக்கும். அதே வளைவில் புது மரத்தை இழைத்துப் பொருத்த, நல்ல ஆசாரி வேண்டும்.

* பாகம் தேடுவது: கம்பெனியே மூடிவிட்டது, ஸ்பேர் எங்கே கிடைக்கும்? இரண்டு, மூன்று கெட்டுப்போன லாரிகளைச் சேர்த்து ஒன்றை உருவாக்குவார்கள். கிடைக்காததை வார்ப்புப் பட்டறையில் புதிதாக வார்ப்பார்கள்.

* எழுத்து: கேபின் கதவில் பழைய முதலாளியின் பெயர், ஊர், எல்லாம் தூரிகையால் கையில் எழுதப்படும். ஸ்டிக்கர் ஒட்டினால் ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள்.

இங்கேதான் அவர்களுக்குள் ஒரு முடியாத சண்டை. பெயின்ட் அடித்துப் புதிதுபோல பளபளவென்று நிறுத்த வேண்டுமா, அல்லது கீறல், நசுங்கல், மங்கிய எழுத்தோடு அப்படியே விட வேண்டுமா? ஒரு தரப்பு, 'முதலாளி அன்றைக்கு எவ்வளவு பெருமையாக நிறுத்தினாரோ, அப்படித்தான் நிறுத்தணும்' என்கிறது. இன்னொரு தரப்பு, 'அந்த நசுங்கல்தான் வரலாறு. அதை அழித்துவிட்டால் நாம் வைத்திருப்பது பொம்மை' என்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இரும்பு பிழைக்கும்... கைப்பழக்கம்?

ஆனால், பெயின்ட்டைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது.

அந்த லாரிகளின் கியர்பாக்ஸ் இன்றைய வண்டி மாதிரி இல்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, இன்ஜின் வேகம் இறங்கும்வரை பொறுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியர் போட வேண்டும். கியரைக் குறைக்கும்போது நடுவில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். நம்மூர் பழைய டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' என்பார்களே, அதேதான். மீட்டர் பார்த்துச் செய்ய முடியாது, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தப்பினால் பல் சக்கரம் கத்தும். இறக்கத்தில் தப்பினால் லாரி கியர் இல்லாமல் உருளும். அந்தக் காலத்து பிரேக்கை நம்பி 22 டன்னை நிறுத்துவது லேசு இல்லை.

லோடு மேல் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவதும் அப்படித்தான். எந்த முடிச்சு இறுகும், எது மழையில் தளரும் என்பது கைக்குத்தான் தெரியும்.

1957-ல் 21 வயதில் ஸ்டீரிங் பிடித்தவருக்கு இன்றைக்கு 90-ஐ ஒட்டிய வயது. லாரி ஷெட்டில் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். அதனால்தான் ஆர்வலர்கள் பழைய டிரைவர்களைத் தேடிப் போய்ப் பேசவைக்கிறார்கள், பேரப்பிள்ளை வயதுக்காரர்களை ஸ்டீரிங்கில் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள். லாரியை ஓடவைக்கத் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், மிச்சம் இருப்பது அழகான இரும்புப் பெட்டிதான்.

தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஏ.இ.சி 1979-ல் மூடப்பட்டது. ஸ்கேமல் 1988-ல். ஃபோடன், இ.ஆர்.எஃப் இரண்டும் 2000-களில் முடிந்தன. லேலண்ட் ஊரில் இன்றும் லாரி தயாராகிறது, ஆனால் முகப்பில் இருப்பது 'டாஃப்' என்ற பெயர்.

லேலண்ட் பெயர் எங்கே பிழைத்தது?

எண்ணூரில்! 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1950-களின் தொடக்கத்தில் லேலண்ட் 'காமெட்' லாரிகளைப் பூட்ட ஆரம்பித்தது. 1955-ல் 'அசோக் லேலண்ட்' ஆனது. பீவரும் ஹிப்போவும்கூடப் பின்னாளில் எண்ணூரில் உருவாகின. பிறந்த ஊரில் லாரி முகப்பிலிருந்து மறைந்த பெயர், சென்னைக்குப் பக்கத்தில் இன்னும் லாரி முகப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால், காமெட் ஓட்டிய டிரைவர்கள், நாமக்கல் பட்டறைகளில் அதற்கு மரத்தில் பாடி கட்டிய ஆசாரிகள், தார்ப்பாய் கட்டிய கிளீனர்கள்... இவர்களின் நினைவுகளை யார் வைத்திருக்கிறார்கள்? லாரி வாங்கிக் காப்பாற்றப் பணமும் இடமும் வேண்டும். நினைவைக் காப்பாற்ற உங்கள் கையில் இருக்கும் போன் போதும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ லாரி ஓட்டிய தாத்தா ஒருவர் இருப்பார். அடுத்தமுறை பார்க்கும்போது ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: 'முதல்ல எந்த வண்டி ஓட்டுனீங்க தாத்தா? ரொம்பப் பயந்த ரோடு எது? டபுள் கிளட்ச் எப்படிப் போடணும்?' மூன்றாவது கேள்விக்கு அவர் வாயால் மட்டும் பதில் சொல்ல மாட்டார். இடது காலும் கையும் தானாக அசையும். அதனால் ஆடியோ வேண்டாம், வீடியோவாகவே எடுங்கள்.