பேரிடர் அனுபவமும் முதியோரின் உடல்நலப் பழக்கங்களும்: சிங்கப்பூர்ச் சூழல்

பேரிடர் ஓய்ந்த பின்னரும், அதனைக் கடந்து வந்தோரின் உணவிலும் நடமாட்டத்திலும் அதன் சுவடு நெடுங்காலம் தங்கிவிடுகின்றது. முதியோர் அனைவரையும் ஒரே தொகுதியாகக் கருதும்போது இச்சுவடு புலப்படுவதில்லை. எவர் எந்த வயதில் எந்தப் பேரிடரை எதிர்கொண்டார் என்பதே முதலில் எழுப்பவேண்டிய வினா. இதனைச் சிங்கப்பூர் நன்கு உணர்த்துகின்றது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அரிசி பங்கீட்டுப் பொருளாக, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அதன் இடத்தைப் பெற்றன. சத்துக்குறைவால் பெரிபெரி நோயும் கண்டது. அன்று பத்து வயதினராக இருந்தவர் 2003இல் சார்ஸ் பரவியபோது எழுபதைக் கடந்திருந்தார். பசியறிந்த அத்தலைமுறையினருள் பலர் ஒரு பருக்கைச் சோற்றையும் வீணாக்க ஒப்பார். வேறு சிலரோ மரவள்ளிக்கிழங்கைத் திரும்பியும் பாரார். தட்டிலுள்ளதை எல்லாம் உண்டு முடிப்பது பஞ்சத்தில் உயிர்காத்த ஒழுக்கம். நீரிழிவு கண்ட முதுமையில் அதுவே இடையூறாகின்றது. இத்தகையோரிடம் தட்டில் மீதம் வைக்கச் சொல்வதினும், உலையிலிடும் அரிசியைக் குறைக்கச் சொல்வதே பயனளிக்கும் எனத் தோன்றுகின்றது.

சார்ஸ் நோயால் சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு, 33 பேர் மாண்டனர். நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனை லிட்டில் இந்தியாவுக்கு அண்மையிலேயே உள்ளது. உடல்வெப்பம் அளத்தலும் கைகழுவுதலும் அக்காலத்தில் அன்றாடச் செயல்களாயின. 2020இல் எழுபது வயதானவர் அப்போது ஐம்பத்து மூன்று வயதினர். ஆதலின் கோவிட் காலத்துக் கட்டுப்பாடுகள் அவருக்கு முற்றிலும் புதியன அல்ல.

எனினும், கோவிட் முதியோரிடம் வீட்டில் முடங்கும் பழக்கத்தையும் விதைத்தது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பிலிருந்த முறியடிப்புத் திட்டத்தின்போது கோயில்கள் வழிபாட்டாளர்களுக்கு மூடப்பட்டன. முதியோர் வெளியே செல்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். தேக்காச் சந்தைக்கும் சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கும் சென்றுவருவதை எவரும் உடற்பயிற்சி என்று அழைப்பதில்லை. ஆயினும் பல முதியோருக்கு அதுவே நடை, அதுவே பேச்சுத்துணை.

இதன் முக்கியத்துவத்தை 2011ஆம் ஆண்டு ஜப்பானில் நேர்ந்த ஆழிப்பேரலை உணர்த்துகின்றது. இவானுமா நகர முதியோரிடம் பேரிடருக்கு ஏழு மாதங்களுக்கு முன்னரே ஆய்வொன்று நிகழ்ந்திருந்தமையால், முன்பின் நிலைகளை ஒப்பிட முடிந்தது. அண்டை அயலாருடன் குழுவாகக் குடியேறியோரிடம் பழகும் வழக்கம் வளர்ந்தது. குலுக்கல் முறையில் தனித்தனியே வீடு பெற்றோரிடம் அது தேய்ந்தது.

சிங்கப்பூரில் 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறையில் உள்ளது. இன நல்லிணக்கத்துக்கு அது துணைபுரிவதை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்குத் தம் மாடியில் பேச்சுத்துணை வாய்ப்பது அரிது. அதனைத் தேடி அவர் பேருந்தேறித் தேக்காவுக்கு வரவேண்டியுள்ளது. அவ்வருகை தடைப்படும்போது நடையும் உறவும் ஒருசேர அறுபடுகின்றன. குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையங்களில் தமிழ் பேசும் தொண்டூழியர் உளரா என்பது இவருக்கு மருந்துச்சீட்டுக்கு நிகரான ஒரு வினா.