பூசலார் உணர்த்தும் இதயநலம்

சென்னையை அடுத்த திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் திருக்கோயில் அமைந்துள்ளது. இதயநோய் உடையோரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோரும், அவர்தம் குடும்பத்தாரும் இங்கு வந்து வேண்டிக்கொள்வது வழக்கம்.

ஈசனுக்குக் கோயில் எடுக்க விரும்பிய பூசலார் நாயனாரிடம் பொருள் இல்லை. ஆகவே மனத்துள்ளேயே பொருள் திரட்டினார், தச்சரைச் சேர்த்தார், நன்னாளில் அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காது விமானம், மதில், கிணறு, திருக்குளம் என ஒவ்வொன்றாக அமைத்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாயின. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அன்று நின்றவூர் அன்பனின் ஆலயத்துள் புகவிருப்பதாகக் கூறினான். தேடி வந்த மன்னன் கண்டது, ஓர் அடியாரின் உள்ளத்தில் எழுந்த கோயிலை.

சேக்கிழார் உரைக்கும் இவ்வரலாற்றில் நுட்பம் ஒன்று உண்டு. மனக்கோயில்தானே என்று பூசலார் எந்தப் பணியையும் விட்டுவிடவில்லை. இறைவன்மீது கொண்ட நம்பிக்கை, அவர் செய்ய வேண்டியதை இன்னும் கவனமாகச் செய்யவே தூண்டியது. வயது முதிர்ந்த அன்பர்கள் தம் இதயத்தைப் பேணுவதற்கும் இதுவே வழிகாட்டி.

வாயு என்று எண்ணலாமா?

மார்பின் நடுவே அழுத்தம், இடக்கை அல்லது தாடைவரை பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். முதியோரிடமும், பெண்களிடமும், நீரிழிவு உடையோரிடமும் மார்புவலி இன்றியே மாரடைப்பு வரக்கூடும். மூச்சுத்திணறல், திடீர்ச் சோர்வு, மயக்கம், குமட்டல், மேல்வயிற்றில் வேதனை ஆகியவை மட்டுமே தோன்றலாம்.

அவ்வேளையில் வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடாவோ சுக்குக் கஷாயமோ அருந்திவிட்டுப் படுப்போர் பலர். நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்பத் தயங்கி விடியும்வரை பொறுப்போரும் உளர். இரத்தம் பாயாத ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிந்துகொண்டே இருக்கிறது. அழிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. உடனே 108-ஐ அழைத்து, நோயுற்றவரை நடக்கவிடாது சாய்ந்து அமரச் செய்தல் வேண்டும். அந்த நள்ளிரவில் பெற்றோர் எழுப்புவதைத் தொல்லையாக எண்ணும் பிள்ளைகள் இல்லை என்பதை வீட்டார் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

மலையும் மார்கழியும்

பழனியின் 693 படிகளும், திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் இதயத்துக்குக் கடும் உழைப்பைத் தருபவை. முன்பு இதயநோய் கண்டவர்களும், சிறிது நடந்தாலே மூச்சு வாங்குவோரும் மருத்துவரைக் கேட்ட பின்பே இவற்றை மேற்கொள்ள வேண்டும். பழனியில் இழுவை ரயிலில் சென்று தரிசிப்பதால் பக்தி குறைந்துவிடாது. ஏறும்போது மார்பு இறுகினால், இன்னும் சில படிகள்தானே என்று எண்ணாமல் அங்கேயே அமர்ந்துவிட வேண்டும்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆதலால் மார்கழி விடியலில் முதியோர் வெந்நீரில் நீராடி, கம்பளி போர்த்திச் செல்வது நன்று.

விரத நாளில் மாத்திரை

ஏகாதசியன்றும் சஷ்டியன்றும் உணவோடு மாத்திரையையும் நிறுத்திவிடுவோர் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் உயரும். நீரிழிவு மாத்திரையை உண்ணாமல் விழுங்கினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். எனவே விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். உடல் இடந்தராதபோது பாலும் பழமும் கொண்டு விரதம் காப்பதைப் பெரியோர் ஏற்றே வந்துள்ளனர்.

நாள்தோறும் செய்யும் திருப்பணி

ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றைக் குறைப்பது இதற்கு உதவும். புகையிலையை அறவே விடுதல் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பது இதயத்துக்கு வலிமை தரும். மாலையில் பிராகாரத்தை நிதானமாக வலம் வந்தால் வழிபாடும் நடையும் ஒருங்கே நிறைவேறும். இரத்த அழுத்தம் பலமுறை 140/90-ஐத் தாண்டினால், தொல்லை எதுவும் தெரியாவிடினும் மருத்துவரைக் காண வேண்டும்.

ஓய்வின்றி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தைப் பேணுவதும் ஒரு திருப்பணியே. திருநின்றவூர் இறைவனிடம் வேண்டிக்கொண்டு, அன்றைய மாத்திரையையும் மறவாது உட்கொள்பவர் பூசலாரின் வழியில் நடப்பவரே ஆவார்.