பூனைக்கும் சீனி வருத்தம்



சுன்னாகத்தில் ஒரு சகோதரி அண்மையில் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். வீட்டுப் பூனைக்குச் சீனி வருத்தம் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டாராம். தினம் இரு முறை இன்சுலின் ஏற்ற வேண்டும், வீட்டிலேயே காதில் குத்திச் சீனி பார்க்கவும் வேண்டும். வாயில்லாத ஜீவனைக் குத்துவது பாவமாகாதா, அந்த இரத்தம் உடுப்பில் பட்டால் தொழலாமா என்பது அவருடைய கவலை. பூனைக்கு இவ்வளவு செலவா என்று மாமியும் முணுமுணுக்கிறாராம்.

பூனை நமக்கு அந்நியமான பிராணி அல்ல. அபூ கதாதா (ரழி) அவர்களுக்கு வுழுச் செய்யத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சரித்து அதைக் குடிக்க விட்டார்கள். பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் எடுத்துச் சொன்னார்கள். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதி என்னவென்று ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதை நீங்கள் நன்கு அறிவீர்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியை மாமிக்குச் சொல்லுங்கள்.

குத்துவது பாவமா? வீணாக நோவிப்பதுதான் பாவம். பிராணியின் முகத்தில் சூடு போடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் அவர்களே ஆடுகளுக்கு அடையாளச் சூடு இட்டதை அனஸ் (ரழி) அவர்கள் கண்டிருக்கிறார்கள். அது காதுகளில் என்று அறிவிப்பில் வருகிறது. அடையாளத்துக்காகவே காதில் சூடு போடலாம் என்றால், உயிரைக் காக்க ஊசிமுனையால் ஒரு குத்துக் குத்துவதில் தடை ஏது? இனி இரத்தம். அது நஜீஸ்தான். ஆனால் நமது ஷாபிஈ மத்ஹபில் இரத்தம் பட்டதால் வுழு முறியாது. தவறிப்போய் உடுப்பில் பட்ட சொற்ப இரத்தம் மன்னிக்கப்படும். என்றாலும் மடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டால் இந்தச் சந்தேகமே வராது.

இன்னொரு விஷயம். கனின்சுலின் என்ற மிருக இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. பூனைகளுக்குப் பெரிதும் பயன்படும் கிளார்ஜின் அப்படியல்ல, ஆய்வுகூடத்தில் பக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படுவது. மாற்று உண்டா என்று வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த நோயை முதலில் காணக்கூடியவர் குசினியில் நிற்கும் நீங்கள்தான். பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கும், அதிகம் சலம் போகும். நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். சில பூனைகள் பின்னங்கால் குதியை நிலத்தில் பதித்து நடக்கும். கொழுத்த பூனைகளுக்கும் நலமடித்த ஆண் பூனைகளுக்கும் இது கூடுதலாக வருகிறது.

ஏன் வீட்டில் பார்க்க வேண்டும்? ஆரோக்கியமான பூனையின் சீனி ஏறத்தாழ 70 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கும். அதைக் கூடையில் அடைத்து, ஓட்டோவில் ஏற்றி, காங்கேசன்துறை வீதி இரைச்சலூடாகக் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால், பயத்தினாலேயே 300-ஐத் தாண்டுவதுண்டு. அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் சீனி இறங்கிவிடும். பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குப் போவதென்றால் சுன்னாகத்திலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பயணத்துக்குப் பிறகு எடுக்கும் எண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழகிய மடியில், பழகிய கையால் எடுத்த எண்தான் உண்மைக்குக் கிட்ட நிற்கும்.

செய்முறை கடினமல்ல. இளஞ்சூட்டுத் துணியைக் காதில் சிறிது நேரம் ஒற்றுங்கள், இரத்தம் ஓடி வரும். காதின் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய நரம்பு போகிறது. காதின் பின்னால் பஞ்சை வைத்து, அந்த ஓரத்தில் குத்தி, வரும் துளியில் பட்டியின் நுனியைத் தொடுங்கள். பிறகு பஞ்சால் சற்று அழுத்திவிட்டு, அவித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுங்கள். ஓரிரு வாரத்தில், மீனுக்காகவே மடியில் வந்து ஏறும் பூனைகளும் உண்டு!

வாப்பாவுக்குச் சீனி பார்க்கும் மீற்றரையே பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். பூனையின் இரத்தத்தில் சீனி பெரும்பாலும் நீர்ப்பகுதியில்தான் இருக்கிறது, சிவப்பணுக்களில் மிகக் குறைவு. மனித இரத்தம் அப்படியல்ல. ஆகவே நமது மீற்றர் பூனைக்குச் சற்றுக் குறைத்தே காட்டும். பாவிக்கலாம், ஆனால் எந்த மீற்றர் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், இடையில் மாற்றாதீர்கள். வாப்பாவின் மாத்திரையை மட்டும் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊசி விஷயத்தில் மிகக் கவனம் தேவை. கனின்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனிதருக்கான இன்சுலின் குப்பிகளில் வழக்கமாக 100 அலகு. ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி உண்டு. 100 அலகு மருந்தை 40 அலகு ஊசியில் கோடு பார்த்து இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். அது பூனையைக் கொன்றுவிடும் அளவு.

சீனி கூடுவதைவிட, சட்டென்று குறைவதற்குத்தான் அஞ்ச வேண்டும். பூனை தள்ளாடினால், நடுங்கினால், வலித்தால், அல்லது மீற்றர் 60-க்குக் கீழே காட்டினால் தாமதிக்க வேண்டாம். சாப்பிடக்கூடியதாக இருந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். முடியாவிட்டால் முரசில் தேன் தடவுங்கள். வாயில் ஊற்றினால் புரைக்கேறும். பிறகு வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். சாப்பிட மறுத்த வேளையில், வைத்தியரைக் கேட்காமல் வழக்கமான ஊசியைப் போடாதீர்கள்.

ஊசிக்கு 12 மணி நேர இடைவெளி வேண்டும். சுபஹுக்குப் பின் காலை 7 மணி, மஃரிபுக்குப் பின் மாலை 7 மணி என்று வைத்தால் நமது வீடுகளுக்கு வசதி. ரமழானில்தான் தவறு நடக்கும். ஸஹருக்கு எழுந்ததும் பூனை காலைச் சுற்றும், ஒரு கவளம் வைக்க மனம் வரும். நோன்பு நமக்குத்தான், அதற்கு நேரம் மாறக்கூடாது. மீன் குழம்பில் பிசைந்த சோறும் இனி வேண்டாம். பூனை மாமிச உண்ணி, அதற்கு மாப்பொருள் குறைந்த உணவே ஏற்றது. ஆனால் உணவை மாற்றுமுன் வைத்தியருக்குச் சொல்லுங்கள், சோறு குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும்.

ஒரு கொப்பியில் நேரம், எண், ஊசியின் அளவு, சாப்பிட்டதா என்பவற்றை எழுதி, வாரந்தோறும் படம் எடுத்து வைத்தியருக்கு அனுப்புங்கள். நோயின் தொடக்கத்திலேயே கவனித்த சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. அந்த மாற்றம் முதலில் தெரிவது இந்தக் கொப்பியில்தான். எண்கள் இறங்கிக்கொண்டே வந்தால் மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்வார். நிறுத்திய பிறகும் இடைக்கிடை காதைக் குத்திப் பாருங்கள், போன சீனி சில பூனைகளுக்குத் திரும்பி வருகிறது.