வெலிங்டன் பட்டாளத்துப் பந்தாட்டக்காரர்கள்

டூரண்ட் கால்பந்துக் கோப்பையை இரண்டு முறை நீலகிரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால் இன்று பலர் நம்ப மாட்டார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தின் அணி, 1955 இறுதியாட்டத்தில் விமானப்படையை 3-2 என வென்றது. 1958-ல் கூர்க்கா பிரிகேடை 2-0 என்று சாய்த்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஹைதராபாத் போலீஸும் ஆண்ட காலத்தில், மலையிலிருந்து இறங்கிப் போன சிப்பாய்கள் செய்த காரியம் இது.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், ஆறடிக்கு மேல் உயரம். முன்வரிசை ஆட்டக்காரராகத்தான் பட்டாளத்துக்கு வந்தார். கோல் கம்பத்துக்குக் கீழே அவரை நிறுத்தியது பட்டாளம். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார், 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். பந்தாட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத அந்நாளில் சம்பளம், சாப்பாடு, பூட்ஸ், பயிற்சி எல்லாம் தந்தது ராணுவம்தான். நம் கால்பந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கடனை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே போர்தான் ஆட்டக்காரர்களை மைதானத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வால்டர் டல் என்ற கறுப்பின இளைஞர், பார்படோஸிலிருந்து வந்த தச்சரின் மகன், அநாதை விடுதியில் வளர்ந்தவர். டாட்டன்ஹாம் அணிக்கு ஆடியபோது நிறத்தைச் சொல்லிக் கூட்டம் வசை பொழிந்தது. பிறகு நார்தாம்ப்டன் அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் கால்பந்து வீரர்களுக்கென்றே திரட்டப்பட்ட மிடில்செக்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். வெள்ளையரல்லாதவர் அதிகாரியாக முடியாதபடி ராணுவ விதி குறுக்கே நின்றும், 1917-ல் அதிகாரியானார். 1918 மார்ச் 25 அன்று பிரான்சில் குண்டுக்கு இரையானார். உடலை மீட்கத் தோழர்கள் முயன்றும் முடியவில்லை. அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

தங்கராஜையும் டல்லையும் பிரித்தது திறமையல்ல, பிறந்த வருஷம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா ஆசியத் தங்கம் பெற்றபோது, கோல் காத்தவர் தங்கராஜ். ஒன்றரை மாதத்தில் சீனப் போர் மூண்டது. ஆனாலும் டல்லுக்குக் கிடைக்காத ஆயுள் தங்கராஜுக்குக் கிடைத்தது: கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடி முடித்து, 2008-ல் பொகாரோவில் காலமானார்.