மலைகளுக்குப் பெயர் வைத்தவர்கள்

வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைநாட்டில், கெண்டல் ஊருக்கு அருகே ஒரு பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கட்டுரையில் ஓடையை 'பெக்' என்றுதான் எழுதுவார்கள். மலை அவர்களுக்கு 'ஃபெல்', அருவி 'ஃபோர்ஸ்', மலைமேல் தேங்கிய சிறு ஏரி 'டார்ன்', ஓடை அறுத்த இடுக்கான பள்ளம் 'கில்'. இதே ஓடை வடகிழக்கே நார்தம்பர்லாந்தில் 'பர்ன்', தெற்கே 'புரூக்'.

பெக், ஃபெல் எல்லாம் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் சொற்கள். ஐஸ்லாந்தில் இன்றும் அருவி 'ஃபோஸ்'தான்.

இங்கு வந்த வைக்கிங்குகள் பெரும்பாலும் நார்வேயிலிருந்து நேரே வரவில்லை. ஸ்காட்லாந்துத் தீவுகளிலும் அயர்லாந்திலும் முதலில் குடியேறினார்கள். 902இல் டப்ளினிலிருந்து விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டி இந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது அறிஞர்கள் கருத்து. கெண்டலுக்குத் தெற்கே உள்ள சைசர் என்ற இடத்தின் பெயரே அந்தப் பயணத்தைச் சொல்கிறது: 'சிக்ரித்' என்ற நார்ஸ் பெண்ணின் பெயரோடு, கோடைக்கால மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல் சேர்ந்து உருவானது அது.

பாசன்த்வைட், ராஸ்த்வைட், சீத்வைட் என்று ஊருக்கு ஊர் வரும் 'த்வைட்', காடு வெட்டித் திருத்திய நிலம். ஆக, வந்தவர்கள் கொள்ளையடித்துவிட்டுப் போகவில்லை. கோடரியும் ஆடுமாடுமாக இங்கேயே தங்கினார்கள். இங்கிருந்தவர்களோடு கலந்தும் போனார்கள்: கம்ப்ரியாவின் காஸ்ஃபோர்த் தேவாலய முற்றத்தில் நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பத்தாம் நூற்றாண்டுக் கற்சிலுவையில், ஏசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியும் கட்டிப்போடப்பட்ட லோகி என்னும் நார்ஸ் தெய்வமும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஏட்டுச் சான்று மிகக் குறைவு. 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கிலும் இந்த மலைநாட்டின் பெரும்பகுதி இல்லை. குடியேறியவர்களின் கதையைக் காத்தவை இந்தப் பெயர்களே. மந்தையை எந்த ஃபெல்லில் விடுவது, எந்த பெக்கைத் தாண்டி ஓட்டுவது என்று மேய்ப்பர்கள் அன்றாடம் பேசியதால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவை வாயில் நிற்கின்றன. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் வட்டார வழக்கைத் தொகுத்தபோது, பழைய சொற்கள் தங்கியிருந்த கிராமத்து முதியவர்களைத்தான் பெரும்பாலும் தேடிப்போனார்கள்.

'பெக்' என்று எழுதும் பிள்ளையின் தாளில் நான் சிவப்பு மை வைப்பதில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் வட்டாரச் சொல்லைத் தவறென்று திருத்தாமல் இருந்தாலே போதும். பிள்ளைகள் அதைக் காப்பாற்றிவிடுவார்கள்.