டேங்க் செய்யும் ஊரில் பட்ஜெட் பார்ப்பவர்கள்

2021 செப்டம்பர் 23 அன்று ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஓர் ஆர்டர் வந்தது. 118 அர்ஜுன் மார்க் 1ஏ டேங்குகள். மதிப்பு 7,523 கோடி ரூபாய். எட்டு நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, அதுவரை மத்திய அரசுத் துறையின் கையில் இருந்த அந்தத் தொழிற்சாலை ஒரு கம்பெனியின் கைக்குப் போனது. பட்டறையில் அதே இயந்திரங்கள், அதே ஆட்கள். தலைகீழாக மாறியது பட்ஜெட் பிரிவின் வேலைதான்.

பட்ஜெட் என்றால் பிப்ரவரி முதல் தேதி நிதியமைச்சர் படிக்கும் உரைதான் நம் நினைவுக்கு வரும். அந்த உரையில் ஒற்றை எண்ணாக வந்து போகும் தொகைக்குப் பின்னால், பல மாதங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, “போன வருஷம் கேட்டதில் எவ்வளவு செலவழித்தீர்கள்? மிச்சம் ஏன்?” என்று கேட்டுக் கொண்டிருந்திருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்பவரும், கேட்கச் சொல்லி மேலிருந்து பார்ப்பவரும்தான் பட்ஜெட் பிரிவினர். பாதுகாப்புத் துறையில் இந்த வேலையில் கணிசமான பங்கு பாதுகாப்புக் கணக்குத் துறையைச் சேர்ந்தது. அதில் கிளார்க்காகச் சேர்ந்தவர் மேற்பார்வை நிலைக்கு உயர ‘எஸ்.ஏ.எஸ்.’ என்ற துறைத் தேர்வைத் தாண்ட வேண்டும். அந்தத் தேர்வுக்குப் படிப்பவர் இருக்கும் வீட்டில் சில வருடங்களுக்குக் கல்யாணம் காட்சி எதுவும் தேர்வுத் தேதியைப் பார்த்துத்தான் நடக்கும்.

ஆவடியில் ஒரு விசேஷம் உண்டு. சில கிலோமீட்டருக்குள் இரண்டு விதமான பணக் கணக்கை இங்கே பார்க்கலாம்.

முதலாவது, டேங்கை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. இது டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம். இன்றும் அரசுத் துறைதான். நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில்தான் ஓடுகிறது. ஆராய்ச்சிக்கான வருவாய்ச் செலவுக்கு 2080 என்று ஒரு கணக்குத் தலைப்பு. அலுவலகப் பேச்சில் இது ‘ஹெட்’. ஒரு ஹெட்டில் உள்ள பணத்தை இன்னொன்றில் செலவழிக்க முறையான அனுமதி வேண்டும். வருடம் முழுக்க எண்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஏப்ரலில் மதிப்பீடு கையில் இருக்கும். குளிர்காலத்தில் திருத்திய மதிப்பீடு. நிதியாண்டு முடியும் தறுவாயில் இன்னொரு கடைசித் திருத்தம். மார்ச் 31 நள்ளிரவோடு மிச்சப் பணம் போய்விடும். அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

அதனால்தான் மார்ச் மாதம் அரசு அலுவலகங்களில் அப்படி ஓர் அவசரம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், ஆண்டுக் கடைசியில் செலவை அள்ளிக் கொட்டுவதை நிதி ஒழுங்கு மீறல் என்றே சொல்கின்றன. கடைசி மூன்று மாதங்களில் 33 விழுக்காடு, மார்ச்சில் மட்டும் 15 விழுக்காடு என்று நிதியமைச்சகம் வரம்பும் வைத்திருக்கிறது. ஆனால் ஆய்வகத்தின் வேலை காலண்டரைப் பார்த்து நடக்காது. அர்ஜுனின் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யு. கம்பெனியுடையது. அது வரத் தாமதமானால் கையில் பணம் இருந்தும் செலவழிக்க முடியாது. அந்தப் பணத்தை எப்போது ‘சரண்டர்’ செய்வது, அதாவது திருப்பிக் கொடுப்பது, என்று பட்ஜெட் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். சீக்கிரம் கொடுத்துவிட்டால் பொறியாளருக்குக் கோபம். தாமதமாகக் கொடுத்தால் தணிக்கையாளர் குறை எழுதுவார்.

அர்ஜுனின் கதையே இந்த வேலையின் கஷ்டத்துக்குப் போதுமான சாட்சி. 1974இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு 15.50 கோடி ரூபாய். 1995இல் வடிவமைப்புத் திட்டம் முடிக்கப்பட்டபோது 305.60 கோடி. இருபது மடங்குக்கு அருகில். முதல் எண்ணை எழுதியவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அதற்கு முன் நாடு தானே வடிவமைத்த டேங்க் ஒன்றுகூடக் கிடையாது. ஆவடியில் 1965 முதல் வெளிவந்த விஜயந்தாவே பிரிட்டிஷ் வடிவம்தான். ஒப்பிட எதுவும் இல்லாதபோது மதிப்பீடு என்பது மரியாதையாக எழுதப்பட்ட ஊகம்.

செலவு ஒதுக்கீட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க அரசில் பட்ஜெட் பார்ப்பவர்களுக்கென்றே 0560 என்ற தனிப் பணித்தொகுதி இருக்கிறது. அங்கே ஒதுக்கீட்டை மீறத் தெரிந்தே இடம் கொடுத்த அதிகாரியைச் சிறைக்குக்கூட அனுப்பலாம். நம்மூரில் அவ்வளவு கடுமை இல்லை. அதிகச் செலவை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்த பிறகு அரசியலமைப்பின் 115ஆம் பிரிவின்கீழ் முறைப்படுத்துவார்கள், வருடங்கள் ஓடிவிடும்.

இரண்டாவது கணக்கு, கனரக வாகனத் தொழிற்சாலையுடையது. பழைய முறையில் அதற்கும் தனி ஹெட் இருந்தது: 2079. டேங்கை ராணுவம் எடுத்துக்கொண்டால் பணம் கைமாறாது. ராணுவத்தின் ஹெட்டில் செலவு, தொழிற்சாலை ஹெட்டில் கழிவு என்று புத்தகத்தில் நேர்செய்வார்கள். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. செலவு கூடினால் விலையும் கூடும். இப்படி ஓர் ஏற்பாட்டில் ‘செலவு ஏன் கூடியது’ என்று கேட்பவருக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

2021இல் 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. டேங்க் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். கம்பெனிக்குப் போயின. பக்கத்திலிருக்கும் ராணுவ உடைத் தொழிற்சாலை, ஊர்க்காரர்கள் பேச்சில் ஓ.சி.எஃப்., கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு கம்பெனிக்குப் போனது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது 1955இல் இதே ஆவடியில்தான் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது.

ஆர்டர் இல்லாமல் கம்பெனி நடக்காது என்பதால், ஏழு கம்பெனிகளுக்கும் பழைய கொள்முதல் கோரிக்கைகள் சுமார் 70,776 கோடி ரூபாய் ஒப்பந்தங்களாக மாற்றித் தரப்பட்டன, முன்பணமும் வந்தது. முதல் ஆறு மாதத்தில் ஏ.வி.என்.எல். தற்காலிகக் கணக்குப்படி 33.09 கோடி லாபம் காட்டியது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அதே தொழிற்சாலைகள் ஆறு மாதத்துக்குச் சராசரியாக 164.33 கோடி நட்டம் என்று அரசு வெளியிட்ட ஒப்பீடு சொன்னது. லாபமே நோக்கமாக இல்லாத காலத்துக் கணக்கையும் கம்பெனிக் கணக்கையும் ஒரே வரிசையில் வைத்ததை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

இப்போது தொழிற்சாலையின் பட்ஜெட் அதிகாரிக்குக் கவலையே வேறு. மார்ச்சில் பணம் காலாவதியாகும் பயம் இல்லை. முன்பணம் வந்துவிட்டது, டேங்க் போகவில்லை என்றால் அடுத்த காலாண்டில் இரும்புக்கும் சம்பளத்துக்கும் எங்கிருந்து எடுப்பது என்பதே பிரச்சினை. அதிலும் சம்பளம் ஒரு சிக்கலான வரி. தொழிலாளர்கள் இன்னும் மத்திய அரசு ஊழியர்களே; கம்பெனிக்கு அயற்பணியில் வந்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணக்கில். அயற்பணி முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு என்றுதான் இருந்தது. அது முடியும் நேரத்தில் நீட்டித்தார்கள். ஐந்தாண்டுத் திட்டம் போட உட்காருகிறவர், மூன்றாவது வருடத்துச் சம்பளக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது என்று தொழிற்சங்கத்தின் மனுவையும் டெல்லியின் உத்தரவையும் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.