தண்ணீர் திரும்பி ஓடாதிருக்க ஒரு சிறு கதவு

ஊவா மலைகளில் வாழும் நம்மில் பலருக்குப் பம்பு இல்லாமலே தண்ணீர் கிடைக்கிறது. மேலே ஊற்று, அதன் கீழே தாங்கி, தாங்கியிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்கும் வீட்டுக்கும் வருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் அந்தத் தண்ணீர், சில வேளைகளில் வீட்டிலிருந்து குழாய்க்குள் திரும்பியும் ஓடும். இதைப் பலர் அறிவதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகளால் பதுளை மாவட்டத்தில் இன்னும் பல குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் இழந்தன. இவ்வாறு இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களிலும், புதிதாகக் குடியேறும் இடங்களிலும், ஒரே குழாயில் பல வீடுகளை இணைப்பது வழக்கம். ஆகவே ஒரு வீட்டின் கவனயீனம் மற்ற வீடுகளின் குடிநீரையும் கெடுத்துவிடும்.

எப்படித் திரும்புகிறது?

பரலிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க ரப்பர் குழாயை ஒரு முறை வாயால் உறிஞ்சிவிட்டால் போதும், பிறகு அது தானாகவே இறங்கி ஓடும். தண்ணீர்க் குழாயிலும் நடப்பது இதுவே.

மேல் வரிசையில் ஒருவர் மரக்கறிக்கு அடிக்கும் மருந்தைக் கலக்க ஹோஸின் நுனியை வாளிக்குள் அமிழ்த்தி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நேரம் திருத்த வேலைக்காகத் தாங்கியின் வால்வு மூடப்படுகிறது. கீழ் வரிசையில் ஒருவர் பீலியைத் திறக்கிறார். குழாயில் நின்ற தண்ணீர் பள்ளத்தை நோக்கி இறங்க, அது விட்ட இடத்தை நிரப்ப வாளியில் உள்ள மருந்து குழாய்க்குள் இழுக்கப்படுகிறது. கீழே பெரிய குழாய் உடைந்தாலும் இவ்வாறே நேரலாம்.

இது வெறும் கற்பனையல்ல. அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் இயேசு சபையினர் நடத்தும் திருச்சிலுவைக் கல்லூரியில் 1969ஆம் ஆண்டு, காற்பந்து அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேரை ஈரல் அழற்சி நோய் பிடித்தது. இரண்டு ஆட்டங்களோடு அவ்வாண்டுப் போட்டிகள் கைவிடப்பட்டன. பயிற்சித் திடலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாயின் திறப்புகள் நிலத்துக்குள் புதைந்த பெட்டிகளில் இருந்தன. அந்நோய் கண்ட பிள்ளைகள் அருகே விளையாடியதால் பெட்டிகளில் தேங்கிய நீர் அசுத்தமானது. அயலில் ஏற்பட்ட தீயை அணைக்கத் தீயணைப்புப் படையினர் தண்ணீர் எடுத்தபோது குழாயில் அழுத்தம் குறைந்தது. அந்த அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்பட்டது. வீரர்கள் அதைக் குடித்தார்கள்.

ஒருவழி வால்வு

இதைத் தடுக்கும் கருவியைக் கடைகளில் ‘நொன் ரிட்டர்ன் வால்வு’ என்பார்கள். நமது இதயத்தில் இரத்தம் பின்னோக்கி ஓடாதபடி காக்கும் நான்கு வால்வுகள் செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. உள்ளே ஒரு சிறு தட்டுக் கதவு உண்டு. தண்ணீர் முன்னோக்கி வந்தால் கதவு திறக்கும். ஓட்டம் நின்றாலோ திரும்பினாலோ தன் பாரத்தாலும் திரும்பும் நீரின் தள்ளுதலாலும் மூடிக்கொள்ளும். வில்லுச் சுருளால் மூடுபவையும் உண்டு. கிணற்றுப் பம்பின் உறிஞ்சு குழாய் அடியில் வலையோடு பூட்டும் ‘புட் வால்வு’ம் இதே இனம். பம்பு நின்றபின் குழாயில் உள்ள நீர் கிணற்றுக்குள் இறங்காமல் அது காக்கிறது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. வால்வின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது தண்ணீர் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் தண்ணீரே வராது.

2. தட்டுக் கதவு உள்ள வால்வைப் படுக்கையாகவோ, நீர் மேல்நோக்கி ஏறும் குழாயிலோ பூட்டலாம். நீர் கீழ்நோக்கி இறங்கும் செங்குத்துக் குழாயில் பூட்டினால் கதவு சரியாக மூடாது.

3. பொதுக் குழாயிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரியும் இடமே ஏற்ற இடம். கழற்றிக் கழுவக்கூடியதாகப் பூட்டுங்கள்.

4. ஊற்று நீரில் மணலும் இலையும் வரும். கதவின் இடுக்கில் ஒரு மணல் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாது. தாங்கியின் வாயில் வலை போடுங்கள். மழைக்காலத்துக்குப் பின் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

வால்வை விட உறுதியானது

ஆகவே, மருந்து விடயத்தில் வால்வை மட்டும் நம்பலாகாது. இடைவெளியே மிக உறுதியான காவல். குழாய் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையே குழாயின் விட்டத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம் வெளி இருக்கட்டும். காற்றைத் தாண்டி மருந்து குழாய்க்குள் ஏற முடியாது. ஹோஸை வாளியில் அமிழ்த்தாதீர்கள். முதலில் வேறு வாளியில் தண்ணீர் பிடித்து, அதைக் கொண்டுபோய் மருந்துக் கலத்தில் ஊற்றுங்கள்.

மருந்து கலந்த நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், ஆனால் மருந்து நீங்காது. குழாய் நீரில் மணமோ நிறமோ மாறினால் குடிக்காதீர்கள், உடனே அயலாருக்குச் சொல்லுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

அன்பார்ந்த குடும்பங்களே, புதிய இடத்தில் வீடு கட்டும்போதே இந்த வால்வையும் கேளுங்கள். சுவர் பூசி முடிந்தபின் குழாயை வெட்டுவதைவிட அது எளிது. குடிநீர்ச் சங்கத்தில் வால்வுகளைப் பார்வையிட ஒருவரை நியமியுங்கள். தாங்கியை மூடுவதற்கு முன்னர் எல்லா வரிசைகளுக்கும் அறிவிப்பது என்று ஓர் ஒழுங்கைச் செய்துகொள்ளுங்கள். அயலாரை நேசிப்பது அவர் குடிக்கும் தண்ணீரைக் காப்பதிலும் அடங்கும்.